முதலில் கேட்டது ஏ பக்கம்

ஐடிஐயில் நான் படிக்கப் போனது ஃபிட்டர் வேலை. படித்துக்கொண்டு வந்தது ஹெவி மெட்டல் பாட்டு. இரண்டும் இரும்பு சம்பந்தப்பட்டதுதான் என்று அம்மாவிடம் சமாதானம் சொன்னேன். அம்மா நம்பினாள். பாட்டைக் கேட்ட பிறகு இன்னும் நன்றாக நம்பினாள்.

தொண்ணூறுகள் முடியப்போகிற சமயம் அது. சேலத்து விடுதியில் என்னோடு அறையில் இருந்தவன் ஏற்காட்டுப் பக்கத்துக்காரன். முதல் நாள் அவன் டேப் ரிக்கார்டரைப் போட்டதும், பட்டறையில் ஏதோ மிஷின் பெல்ட் அறுந்துவிட்டது என்று நினைத்து எழுந்து ஓடினேன். அவன் என்னைப் பிடித்து உட்கார வைத்துக் கதை சொன்னான். பாடுகிறவர் வெளிநாட்டில் பெரிய குழுவில் பாடிக்கொண்டிருந்தவராம். குழுவுக்குள் சண்டை வந்து வெளியேறிவிட்டாராம். பிறகு தனி ஆளாக ஆல்பம் போட ஆரம்பித்தாராம். பங்காளிச் சண்டையில் பாகம் பிரிந்து வந்தவர் என்றதும் எனக்கு அவர் மேல் ஒரு பாசம் வந்துவிட்டது. பாட்டு பிடிக்க மேலும் ஆறு மாதம் ஆனது. அதுவரை பிடித்த மாதிரி தலையை ஆட்டிக்கொண்டிருந்தேன். கழுத்து வலிதான் மிச்சம்.

படிப்பு முடிந்து கிளம்பும்போது அவனுக்கு எங்கள் காட்டு மிளகு ஒரு பை கொடுத்தேன். அவன் ஒரு கேசட் கொடுத்தான். பழைய பஸ் ஸ்டாண்டு பக்கத்து ரிக்கார்டிங் கடையில் பதிந்தது. பக்கத்துக்கு ஒரு ஆல்பம். அட்டையில் படம் கிடையாது, பேனாவில் எழுதிய ஏ, பி என்ற இரண்டு எழுத்துகள் மட்டும். இரண்டு பேப்பர் ஃபெயிலான சான்றிதழோடும் அந்தக் கேசட்டோடும் கொல்லிமலைக்குத் திரும்பினேன். ஊரில் என்னை இங்கிலீஷ் பாட்டுக் கேட்கிற படித்தவன் என்றார்கள். நானும் மறுக்கவில்லை.

நான் வந்து சேர்ந்த வீட்டில் அப்பா பேசுவதை நிறுத்தியிருந்தார்.

அவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எங்கள் மலையில் பல ஊர் சேர்ந்தது ஒரு நாடு. திண்ணனூர் நாட்டில் எங்கள் ஊர் ஒரே இடத்தில் இருக்காது. ஓடைக்கு இந்தப் பக்கம் நாலு வீடு, அந்தப் பக்கம் மூன்று, சரிவில் இரண்டு என்று சிதறிக் கிடக்கும். களையெடுப்பு, அறுப்பு எல்லாம் கைமாற்று வேலை. இன்றைக்கு உங்கள் காட்டுக்கு நாங்கள் வந்தால் நாளைக்கு எங்கள் காட்டுக்கு நீங்கள் வர வேண்டும். யார் காட்டில் என்ன வேலை என்று விடிந்ததும் கூப்பிட்டுச் சொல்ல ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள் அப்பா. எங்கள் வீட்டுக்கு மேலே இருக்கும் பாறையில் ஏறி நின்று குரலை எடுத்தால் ஓடைக்கு அக்கரையில் அடுப்பு ஊதுகிறவர்கள் "வாரோம்" என்பார்கள். ஒரு தடவை பெரக்கரை நாட்டு ஆட்கள்கூட களைக்கொத்தோடு கிளம்பிவிட்டார்கள் என்று ஊரில் ஒரு கதை உண்டு. அதை முதலில் சொன்னதும் அப்பாதான்.

வெறும் கூப்பாடாக இருந்தால் யாரும் அவ்வளவு ஆசையாகக் காது கொடுக்க மாட்டார்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒவ்வொரு ராகம் வைத்திருந்தார். "அக்கரை ஊட்டுக்காரரே... நேத்து பொண்டாட்டி கையில வாங்குனது வலிக்குதுங்களா... வலிக்காட்டி சாமைக்காட்டுக்கு வாங்க..." என்று இழுப்பார். மலை முழுக்கச் சிரிப்பு கேட்கும். வாங்கியவரும் சிரித்துக்கொண்டுதான் வருவார்.

அந்தத் தொண்டையில் கட்டி வந்தது. கீழே பெரிய ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். கெட்ட கட்டி இல்லை. காயம் ஆறியதும் டாக்டர் சொல்லி அனுப்பினாராம்: "பழையபடி வருமான்னு சொல்ல முடியாது. ஆனா பேசுங்க. பேசாம வெச்சிருந்தீங்கன்னா இருக்கறதும் போயிடும்."

மலைக்கு வந்த மறுநாளே அப்பா பாறையில் ஏறியிருக்கிறார். மூச்சைப் பிடித்துக் கூப்பிட்டிருக்கிறார். சரிவிலிருந்து என் பெரியப்பா மகன், அண்ணன், கையில் அரிவாளோடு ஓடி வந்திருக்கிறான். பாறையில் அப்பா மட்டும் நிற்பதைப் பார்த்துவிட்டு, மூச்சு வாங்க, "கெடா எங்கீங்க சித்தப்பா? கயித்துல கழுத்து மாட்டிக்கிச்சாட்ட இருக்குது, அறுத்து உடலாம்னு வந்தனுங்க" என்றானாம்.

கேலிக்குச் சொல்லவில்லை. கிடாயைக் காப்பாற்றத்தான் அவ்வளவு தூரம் ஏறி வந்திருந்தான். கேலியாக இருந்தால் அப்பா ஒன்றுக்கு இரண்டாகத் திருப்பிக் கொடுத்திருப்பார். அவன் உண்மையாக ஓடி வந்ததுதான் அவரை முடித்துவிட்டது. பாறையை விட்டு இறங்கியவர் அதற்குப் பிறகு வாயைத் திறக்கவில்லை. எல்லாம் கை ஜாடை.

அம்மா இரண்டு பேர் பேச்சையும் தானே பேசினாள். "களி போடட்டுங்களா? வேண்டாங்கறீங்க. ஏன், பசிக்கலையா? பசிக்குதுங்கறீங்க, ஆனா எம்மேல கோவம். நான் என்னங்க பண்ணுனேன்? ஒண்ணும் பண்ணலைங்கறீங்க. அப்பறம் என்ன, திங்க வேண்டியதுதான்." அப்பா சாப்பிடுவார். சட்டியைக் கழுவும்போது மட்டும் அம்மா பேசாமல் இருப்பாள்.

ஊரில் ஆள் கூப்பிடும் வேலை அண்ணனுக்கு வந்தது. அவனுக்குக் குரல் எட்டாது. பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு விசில் வாங்கி வந்து ஊதினான். விசில் என்ன வேலை என்று சொல்லுமா? மிளகு பறிக்கிற நாளில் களைக்கொத்தோடு வந்தார்கள். களையெடுக்கிற நாளில் இரண்டு பேர் ஏணியைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். ஏணியைச் சும்மா திருப்பி எடுத்துப் போகக் கூச்சப்பட்டு, அதில் ஒருவர் பலா மரத்தில் சாத்தி ஏறிக் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுப் போனார்.

இந்த நிலையில்தான் நான் கேசட்டோடு வந்து இறங்கினேன். எங்கள் வீட்டில் டேப் ரிக்கார்டர் இருந்தது. கரண்டுதான் வருவதும் போவதுமாக இருந்தது. ஏ பக்கத்தைப் போட்டேன். லாரி முதல் கியரில் கொண்டை ஊசி வளைவு ஏறுகிற மாதிரி கிட்டார் ஆரம்பித்தது. அதன் மேல் அந்த மனிதர் குரல். பாறையில் கொட்டாங்கச்சியை வைத்துத் தேய்த்தது போல இருக்கும். இடையில் ஒரு இருமல்கூட உண்டு, அதையும் எடுக்காமல் விட்டிருந்தார்கள்.

"பாவம், ஆரு சாமி அது, சீக்காளியாட்ட இருக்குது?" என்றாள் அம்மா.

கூடைக்கு மூங்கில் பிளந்துகொண்டிருந்த அப்பா நிமிர்ந்தார். கத்தியைக் கீழே வைத்தார். சத்தத்தைக் கூட்டு என்று கையால் காட்டினார்.

அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் அவருக்கு ஏ பக்கம் வேண்டும். என்ன சொல்கிறான் என்று மோவாயை உயர்த்திக் கேட்பார். என் இங்கிலீஷ் பஸ் போர்டு படிக்கிற அளவுக்குத்தான் காணும். படித்தவன் என்று பெயர் எடுத்தாயிற்று, பின்வாங்க முடியுமா? "மெளகுக் கொடியில வாடல் விழுந்துருச்சுங்களாமப்பா, அதச் சொல்லி அழுவுறாரு" என்றேன். அப்பா வருத்தமாகத் தலையாட்டினார். அடுத்த பாட்டுக்கு, "தம்பிக்காரன் நல்ல நெலத்தையெல்லாம் எடுத்துக்கிட்டானாம்" என்றேன். அதற்கும் தலையாட்டினார். இரண்டு நாள் கழித்து அதே பாட்டு வந்தபோது சொன்னது மறந்து, மழை இல்லை என்று பாடுவதாகச் சொல்லிவிட்டேன். அப்பா என்னையே பார்த்தார். "அது... ரெண்டாவது அடிங்கப்பா" என்றேன்.

ஒரு வாரம் கழித்துத்தான் பி பக்கத்தைத் திருப்பிப் போட்டேன். அதில் அதே ஆள், ஆனால் குரல் வேறு. கரகரப்பே இல்லாத தெளிந்த குரல். மேலே போகப்போக மெலிந்து, அறுந்துவிடும் என்று நாம் பயப்படுகிற இடத்தில் இன்னும் ஒரு படி ஏறி நிற்கும். அந்த உயரத்தில் நின்றுகொண்டு அவர் சாவகாசமாகக் கீழே பார்ப்பது போல இருக்கும். அப்பாவின் கை மூங்கிலில் அப்படியே நின்றது. அவருக்குப் பாட்டின் மொழி தெரியாது, ஆனால் அந்த உயரம் தெரியும். அங்கே அவரும் நின்றிருக்கிறார்.

டேப்பைக் காட்டினார். அதே ஆளா?

"அதே ஆளுதானுங்கப்பா."

தன் தொண்டையைத் தொட்டார். கேசட்டை எடுத்து ஏ பக்கத்தைக் காட்டினார். திருப்பி பி பக்கத்தைக் காட்டினார். பிறகு உள்ளங்கையைக் கீழிருந்து மெதுவாக மேலே தூக்கினார்.

முதலில் கெட்டிருந்தது. பிறகு சரியாயிற்று. அப்படித்தானே?

ஏ முதலில் வரும், பி பிறகு வரும். ஐடிஐ படித்த ஒருவன் இதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது? "ஆமாங்கப்பா" என்றேன். அத்தோடு நிறுத்தினால் நான் நானா? குழுவை விட்டுப் பிரிந்த ஏக்கத்தில் தொண்டை போனதாகவும், அந்தத் தொண்டையோடு முதல் ஆல்பம் போட்டதாகவும், அப்புறம் ஏதோ மலையில் போய்த் தங்கி மருந்து குடித்து, பழகிப் பழகிக் குரலை மீட்டதாகவும் விரிவாகச் சொன்னேன். எந்த மலை என்று அம்மா கேட்டாள். நம் மலை மாதிரிதான், கொஞ்சம் குளிர் ஜாஸ்தி என்றேன்.

மறுநாளிலிருந்து மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் அப்பா உப்புத் தண்ணீர் கொப்பளிக்கும் சத்தம் கேட்டது. பிறகு தனியாகப் பலாத் தோப்புக்குப் போக ஆரம்பித்தார். ஒருநாள் பின்னாலேயே போய்க் கேட்டேன். மரத்துக்குப் பின்னால் நின்று மெல்லக் குரல் எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். கரகரவென்று வந்தது. நிறுத்தினார். மறுபடி எடுத்தார். மறுபடி கரகர.

எனக்கு அப்போதுதான் புரிந்தது. அவர் காத்திருக்கிறார். பி பக்கம் வந்த பிறகுதான் மனிதர்கள் முன்னால் வாயைத் திறப்பது என்று முடிவு செய்திருக்கிறார். அதுவரை யாரிடமும் பேச்சு இல்லை. மாதங்கள் போயின, குரல் ஏ பக்கத்திலேயே நின்றது. பேசாமல் வைத்திருந்தால் இருக்கறதும் போயிடும் என்று டாக்டர் சொன்னது எனக்கும் அம்மாவுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். அம்மா ஒருநாள் என்னிடம், "இன்னும் எத்தன நாளைக்குடா நானே கேட்டு நானே பதில் சொல்றது? எனக்கே என்ற பேச்சு சலிச்சுப் போச்சு" என்றாள். அவள் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வந்தது எனக்குப் பயமாக இருந்தது.

ஃபெயிலான பேப்பர்களைத் திரும்ப எழுத நான் சேலம் கிளம்பிய அன்று அப்பா பாதை வரை வந்தார். சுற்றிலும் பார்த்துவிட்டு என் காதருகே வந்து, காற்றும் மண்ணும் கலந்த மாதிரி ஒரு குரலில் கேட்டார்:

"பிக்கு அப்பறம்?"

அடுத்த ஆல்பம் வேண்டுமாம். மீண்ட குரல் மீண்டபடியே இருந்ததா என்று அவருக்குத் தெரிய வேண்டும்.

பரீட்சையைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. நேராக ரிக்கார்டிங் கடைக்குப் போனேன். கடைக்காரர் கருப்பு பனியனில் மண்டை ஓடும் நெற்றியில் விபூதியுமாக இருந்தார். கேசட்டைக் கொடுத்து, "அண்ணா, இவரு பி பக்கத்துக்கு அப்பறம் போட்டது வேணும்" என்றேன்.

அவர் கேசட்டைப் போட்டுக் கேட்டார். சிரித்தார். "பிக்கு அப்பறம் ஏ சைடுதான் தம்பி."

"இல்லீங்கண்ணா, ஏ மொதல்லயே கேட்டாச்சு."

"நீ கேட்டிருப்ப. அவரு பாடுனது பிதான் மொதல்ல. தனியா வந்த சூட்டோட போட்ட ஆல்பம் அது. ஏ சைடு ரொம்ப வருசம் கழிச்சு வந்தது. புது ஆல்பத்தத்தான் ஏ சைடுல போட்டுக் குடுப்போம். காசு குடுக்கறவன் புதுசத்தானே மொதல்ல கேப்பான்?"

"அப்ப கொரலு..."

"கத்திக் கத்திப் போச்சுப்பா. வயசும் ஆச்சில்ல."

"இப்ப சரியாயிருச்சுங்களா?"

"போன மாசம்தான் புதுசு ஒண்ணு வந்துச்சு. இன்னும் மோசம்" என்றவர், ஏதோ ரகசியம் போலக் குனிந்து, "எனக்கு அதுதான் புடிச்சிருக்கு" என்றார்.

அதைப் பதிந்து வாங்கிக்கொண்டு மலைக்குப் பஸ் ஏறினேன். வளைவுக்கு ஒரு பொய் தயாரித்தேன். கடை மூடியிருந்தது. அந்த ஆள் பாடுவதை விட்டுவிட்டு விவசாயத்துக்குப் போய்விட்டார். கேசட்டை பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் வாந்தியோடு சேர்த்து வெளியே விட்டுவிட்டார். மலை உச்சிக்கு வந்தபோது கையில் நிறையப் பொய்கள் இருந்தன. ஆனால் பலா மரத்துக்குப் பின்னால் நின்றவரை நினைத்தால் ஒன்றுகூடத் தேறவில்லை, என் பேப்பர்களைப் போல.

விறகோடு எதிரே வந்த அம்மாவிடம் வழியிலேயே விஷயத்தைச் சொல்லிவிட்டேன். "அவருகிட்ட இப்ப சொல்லீராதீங்கம்மா. மெதுவா நானே சொல்றேன்."

"நான் எதுக்குடா சொல்றேன்" என்றாள்.

வீட்டுக்குள் போனோம். அப்பா என் பையையே பார்த்தார். கேசட்டைப் போட்டேன். வேறு வழி தெரியவில்லை. பாட்டு ஆரம்பித்து அந்தக் குரல் வந்தது. ஏ பக்கம் கொட்டாங்கச்சி என்றால் இது உமி. பாதி வார்த்தை காற்றாகப் போகிறது. அப்பா முகம் சுருங்கியது.

அம்மாவால் தாங்க முடியவில்லை. "நாங்க தப்பா நெனச்சுட்டமுங்க. நல்ல கொரலுதான் மொதல்லயாம். வரவரக் கெட்டுட்டேதான் போயிருக்குதாம் அந்தாளுக்கு. இதுதான் கடேசியாம்" என்று ஒரே மூச்சில் கொட்டிவிட்டு அடுப்படிக்குள் போய் நின்றுகொண்டாள்.

பாட்டு முடிந்தது. அடுத்தது ஆரம்பித்தது. அதில் கிட்டார் ஒன்று மட்டும், மிக மெதுவாக. அந்த மனிதர் ஒவ்வொரு அடிக்கு முன்னாலும் மூச்சு இழுப்பது கேட்டது. உயரமான இடம் ஒன்று வந்தது. பி பக்கத்து ஆள் சாவகாசமாகப் போய் நிற்கிற இடம். இந்த முறை ஏறிப் பார்த்தார், எட்டவில்லை. எட்டாத இடத்திலிருந்தே மிச்சத்தைப் பாடினார். ஒரு பக்கம் முழுக்க அப்பா நகராமல் கேட்டார். டேப் தானாக நின்றது.

"நல்ல கொரலு மொதல்ல," என்றார். ஜாடை இல்லை, வாயால். அடுப்படியில் ஏதோ பாத்திரம் விழுந்தது.

"ஆமாங்கப்பா."

"இது பொறவு."

"ஆமாங்க."

"இப்படி ஆனதுக்கப்பறமா இத்தன பாட்டு?"

"ஆமாங்கப்பா. இன்னும் பாடிட்டுத்தான் இருக்காராம்."

"எவனும் நிறுத்துடான்னு சொல்லலியா?"

"சொல்லியிருப்பாங்க. கடைக்காரருக்கு இதுதான் ரொம்பப் புடிக்குதாம்."

அப்பாவின் தோள் குலுங்கியது. அழுகிறார் என்று பயந்துவிட்டேன். சிரிக்கிறார். சத்தம் வராத, சீறுகிற ஒரு சிரிப்பு. "வெக்கங்கெட்ட பய," என்றார், நல்ல கன்று ஈன்ற மாட்டைத் தட்டிக் கொடுப்பது போல. "வெக்கங்கெட்ட பய."

நாலைந்து நாள் கழித்து எங்கள் சாமைக்காட்டில் களையெடுப்பு. விடிந்ததும் அண்ணன் விசிலோடு வந்தான். அப்பா முகம் கழுவித் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்தார். "அத உள்ள வெய்யி சாமி" என்றார். அண்ணன் விசிலை வாயிலேயே வைத்துக்கொண்டு நின்றான். அவன் விட்ட மூச்சில் அது லேசாக ஊதியது.

பாறைப் பக்கம் அப்பா திரும்பவே இல்லை. அந்தக் குரல் ஓடையைத் தாண்டாது என்று அவருக்குத் தெரியும். பாதையில் இறங்கி முதல் வீட்டைப் பார்த்து நடந்தார். நானும் பின்னாலேயே ஓடினேன்.

"நீயெதுக்கு?"

"ஆருக்காச்சும் புரியலைன்னா நான் எடுத்துச் சொல்றனுங்கப்பா."

நின்று திரும்பினார். "ஏஞ்சாமி, மெளகுல வாடல் விழுந்துருச்சுன்னா?"

இத்தனை மாதமும் தெரிந்தே தலையாட்டியிருக்கிறார். நான் அங்கேயே நின்றுவிட்டேன். மேலே இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் வீட்டு வாசலில் போய் நின்றார். உள்ளேயிருந்து வந்த அந்த வீட்டு அக்கா அவர் பேசியதும் வாயில் முந்தானையை வைத்தாள். என்ன சொன்னாரோ, அடுத்த நிமிடம் சிரித்துக்கொண்டே அவரை அடிக்கக் கை ஓங்கினாள். காப்பி வந்தது. அடுத்த வீடு. அங்கேயும் காப்பி. பிறகு ஓடைக்குள் இறங்கி மறைந்தார். அக்கரையில் துண்டு மட்டும் வெள்ளையாக ஏறிக்கொண்டு போவது தெரிந்தது.

முன்பு வெற்றிலை மென்று முடிக்கும் நேரத்தில் நடந்த காரியத்துக்கு அன்றைக்கு அரைப் பகல் ஆனது. ஆட்கள் வந்து சேர்ந்தபோது வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. கடைசி ஆளாக அப்பா வந்தார்.

அம்மா களைக்கொத்தோடு இடுப்பில் கை வைத்து நின்றாள். "விடிய ஆள் கூப்பிடப் போன மனுசன் வர நேரமுங்களா இது? எந்த ஊட்ல பந்தி போட்டாங்க?"

"எல்லா ஊட்லயும் காப்பி குடுத்தாங்க. உன்ற ஊட்லதான் நேத்து வெச்ச களி."

"அந்தக் களிய நாலு உருண்டை உள்ள தள்ளுனது ஆருங்க?"

"பேச முடியாத மனுசன், வேண்டாம்னு எப்படிச் சொல்றது?"

அம்மா சட்டென்று குனிந்து களையைக் கொத்த ஆரம்பித்தாள். முகத்தை யாருக்கும் காட்டவில்லை. ஆனால் வாய் ஓயவில்லை. அவள் ஒன்று கேட்க, அவர் ஒன்று சொல்ல, சண்டை வரிசை வரிசையாகப் போனது. அவள் கேட்பது மலைக்கே கேட்டது. அவர் பதிலுக்குத்தான் காதைத் தீட்ட வேண்டியிருந்தது. வந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். அப்போதும் சரியாகக் கேட்கவில்லை என்று, குனிந்தபடியே களையெடுப்பது போல அவர் இருந்த பக்கமாக நகர்ந்தார்கள். நானும் நகர்ந்தேன். அண்ணனும் நகர்ந்தான்.

சாயங்காலம் வேலை முடிந்து பார்த்தால், எங்கள் சாமைக்காட்டில் ஒரு மூலை மட்டும் துடைத்து வைத்தாற்போல் சுத்தமாக இருந்தது. மற்ற இடமெல்லாம் களை அப்படியே நின்றது.